கைப்பிடி மண்

"சமாதியை விட்டுட்டுக் கல்லு நடுங்க சார். எங்க வீட்டுக்காரரு அங்கதான் படுத்துகினு இருக்காரு" என்று கன்னியம்மாள் சர்வேயரிடம் கெஞ்சினாள். "எம் புள்ள வந்துகினு இருக்கான். அவன் பேசுவான்."

"யார் பேசினாலும் ஆவாதும்மா. ரோட்டுக்கு நிலம் எடுக்கப் புதுச் சட்டம் வந்துடுச்சு. ஆட்சேபணை சொல்லவே வழியில்ல."

"சட்டம் போடறப்ப யாருமே ஒரு கேள்வி கேக்கலையா?"

"எங்க கேட்டாங்க? சட்டசபையில காலைல மசோதாவைக் கையில குடுத்தாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் 'ஆம்'னு சொல்லி முடிச்சிட்டாங்க. மறுநாள் ஆடிக் கிருத்திகை, ஊருக்குப் போற அவசரம்."

"படிக்காம ஆமா சொன்னவன் வெளங்கவே மாட்டான்!"

சமாதியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றக் கை ஓங்கினாள் கன்னியம்மாள். காரிலிருந்து இறங்கி ஓடிவந்த மகன் இளம்பரிதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தூத்தாதம்மா."

"ஏன்டா?"

"திருத்தணிக்குக் காவடி எடுக்கணும், சீக்கிரம் வந்துடு நைனான்னு நீ போன் பண்ணியே... அன்னிக்கு சட்டசபையில முதல்ல 'ஆம்'னு கத்தின எம்.எல்.ஏ. நான்தாம்மா."

வெகுநேரம் அவள் விரல்களைத் திறக்கவில்லை. பிறகு குனிந்து, அந்த மண்ணைக் கணவன்மேலேயே வைத்துத் தட்டிவிட்டாள்.