ஒரு பட்டன் குறைந்த சட்டை

"வேலிக் கம்பியில மாட்டிக்கிச்சு மாஸ்டர்" என்று கிழிந்த சட்டையைக் கழற்றி இடது கையால் நீட்டினான் அந்த டாக்சி டிரைவர். வலது கையில் அடி போலிருக்கிறது, மூடியபடியே இருந்தது.

தையல்கார மாஸ்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. கடல் தாண்டி வந்து ஒன்பது வருடமாகிறது. இப்படி ஒரு கலவரத்தை அவர் பார்த்ததில்லை. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து மூன்று நாளாக ஜன்னலுக்கு வெளியே டயர் எரிகிறது. முதல் நாள் கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். இன்று எதிர்க்கடைக் கண்ணாடி நொறுங்கியபோதும் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.

"அது நம்ம ஊரில்லைங்க. எதையும் பார்க்காதீங்க, வாயைக் குடுத்து வம்பை வாங்காதீங்க" என்று தினமும் போனில் சொல்கிறாள் மனைவி. கும்பிடக் கை கூப்பினால்கூட, வேண்டிக்கொள்ள அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வந்தார். பெஞ்சில் பனியனோடு உட்கார்ந்திருந்த டிரைவர் நகர்ந்து இடம் விட்டான்.

"மாஸ்டர், இந்த மாதிரி பித்தளைப் பட்டன் இருக்கா?" அவர் சட்டையின் மார்பில் வெறும் நூல் தொங்கியது.

"இது கடையில கிடைக்காதே சார். உங்க ஸ்டேஷன்லதான் தருவாங்க."

"அங்க கேட்டா, பிச்சவனைக் கொண்டாந்து நிறுத்திட்டு வாங்கிக்கோம்பாங்க. காலையில கூட்டத்துல ஒருத்தன் பிச்சுட்டு ஓடிட்டான். கண்ணீர்ப் புகையில மூஞ்சி தெரியல. உங்க ஜன்னலுக்கு நேராத்தான் நடந்தது. நீங்க பார்த்திருப்பீங்களே?"

மாஸ்டர் ஊசியில் நூல் கோத்தார். "மூணு நாளாப் பார்த்துப் பார்த்து, எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் சார் தெரியுது."

"அதுவும் சரிதான். பெட்ரோல் விக்கிற விலைக்கு என் பைக்கே வீட்டுலதான் நிக்குது. கூட்டத்தை விரட்ட நானே நடந்துதான் வரேன்."



அப்போதுதான் போலீஸ்காரர் டிரைவரின் சிவந்த கண்களைக் கவனித்தார். பிறகு தன் பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து நீட்டினார். "தேய்க்காதே தம்பி, இன்னும் எரியும். மெதுவா ஒத்தி எடு."

டிரைவர் இடது கையால் வாங்கினான். நெடுநேரம் அதற்குள்ளேயே முகத்தை வைத்திருந்தான். பின் எழுந்து, இரண்டு கைகளாலும் அதை மடித்து, முதல் தடவையாக வலது கையால் திருப்பிக் கொடுத்தான். விரிந்த உள்ளங்கையில் காயமில்லை. வட்டமாக ஒரு தடம் மட்டும் பதிந்திருந்தது.

போலீஸ்காரர் மடிப்பைப் பிரித்தார். உள்ளே பித்தளைப் பட்டன்.

விலங்கு மாட்டக் கொடுப்பதுபோல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றான் டிரைவர். மூன்று நாளில் முதல் தடவையாக, மாஸ்டரின் விரலில் ஊசி குத்தியது, வலித்தது.

போலீஸ்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"என் பையிலேயேதான் இருந்திருக்கு மாஸ்டர். தைச்சிடுங்க."