பால் காயாத தடி

காருக்கு அடியில் மல்லாந்து படுத்து இரண்டு கைகளாலும் சிஜோ இழுத்தபோது, இரண்டடி நீள ரப்பர் மரத்தடி ஒன்று அவன் நெஞ்சின் மேலேயே வந்து விழுந்தது.

வெட்டுவாயில் பால்கூட இன்னும் காயவில்லை.

“இதக் கொண்டு போன லாரி எதுன்னு கண்டுபிடிக்காம நான் விடமாட்டேன். ரிப்பேருக்கு உள்ள பைசா முழுக்க அவன்தான் தரணும்.”

ஜெபகுமாரி டீச்சரின் குரல். கீழே கிடந்த சிஜோவுக்கு அவருடைய செருப்புகள் மட்டும்தான் தெரிந்தன. இரண்டும் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருந்தன. பக்கத்தில் அவருடைய கணவர் யேசுரத்தினம் சாரின் செருப்புகள். அவை அசையவே இல்லை.

காலையில் குலசேகரம் வரும் வழியில், ஒரு வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் கிடந்திருக்கிறது தடி. சார் பிரேக்கை மிதிப்பதற்குள் கார் அதன்மேல் ஏறிவிட்டது. ஆயில் சேம்பர் விரிசல் விட்டு, ரோடு நெடுக எண்ணெய். அண்டர் கவர் கிழிந்து நாக்குத் தள்ளியது. சைலன்சர் குழாய் நெளிந்து போயிருந்தது. உடனே இன்ஜினை அணைத்ததால் பெரிய செலவு தப்பியது. கயிறு கட்டி ஒர்க்ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள்.

“போட்டும். ஆளுக்கு ஒண்ணும் ஆவல்லியே” என்றார் சார்.

சிஜோ காருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டி அவர் முகத்தைப் பார்த்தான்.

பதினொரு வருடமாக அவனுக்குத் தெரிந்த யேசுரத்தினம் சார் இப்படிப் பேசுகிறவர் இல்லை. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏர் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்றால், ஊதி மாட்டு என்பார். எரிந்துபோன பல்பைக்கூடத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போவார். ஒரு தடவை பஞ்சர் ஒட்டியபோது, டயரில் இருப்பது ஒரு ஓட்டையா இரண்டு ஓட்டையா என்று ஒரு மணி நேரம் வழக்காடியவர்.

டீச்சர் தடியைத் தூக்கிக் கட்டைப்பையில் வைத்தார். பாதிதான் உள்ளே போனது. ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

“வெயில் ஏறிட்டு. போவாண்டாம்” என்றார் சார்.

ஆட்டோவின் கம்பியைக்கூடக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். சார் விட்டுவிட்டார். ஊரில் உள்ள மரக்கடை ஒவ்வொன்றாகக் கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டீச்சர் புறப்பட்டார்.

அதன் பிறகுதான் சாருக்கு அவசரம் வந்தது.

“மக்கா, டீச்சர் வாறதுக்கு முன்ன முடிச்சிரு.”

மார்த்தாண்டத்திலிருந்து புது சேம்பர் பஸ்ஸில் வந்து சேர மதியம் ஆனது. சிஜோ அதை மாட்டி, எண்ணெய் ஊற்றி, குழாயை நிமிர்த்திப் பற்றவைத்து, புதுக் கவரையும் முறுக்கினான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே, பதினோராயிரத்து அறுநூறு என்றான்.

உண்மையில் அவன் மனதில் இருந்தது பத்தாயிரம். மிச்சம், சார் குறைப்பதற்காக ஏற்றி வைத்தது.

சார் குறைக்கவில்லை. போனை எடுத்தார். சிஜோ கைத்துணியைத் தோளில் போடுவதற்குள், பதினோராயிரத்து அறுநூறு ரூபாய் வந்து சேர்ந்ததாகச் சுவரில் இருந்த பெட்டி உரக்க அறிவித்தது.

சிஜோ பெட்டியையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

போன வாரம் சார் நாகர்கோவிலுக்கு ஸ்கேன் எடுக்கப் போனார் என்று யாரோ சொன்னார்கள். முழங்கால் வலிக்குத்தான் என்றார்கள். வெறும் முழங்கால்தானா?

“சார், ஒரு ஐந்நூறு கொறச்சிக்கலாம்” என்று அவனாகவே ஆரம்பித்தான்.

“வேண்டாம் மக்கா. நீயும் பிள்ளகுட்டி உள்ளவன்.”

இதற்கு மேல் சிஜோவால் தாங்க முடியவில்லை. கேட்காமலேயே வைப்பர் ரப்பரை மாற்றினான். கண்ணாடியைத் துடைத்தான். டயருக்கெல்லாம் காற்றுப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விசேஷ ஜெபத்துக்கு சாரின் பெயரை எழுதிக் கொடுப்பது என்றும், ஆனால் அதற்கு முன் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்றும் முடிவு செய்தான்.

சார் சாவியைத் திருகும்போது ஆட்டோ வந்து நின்றது.

டீச்சர் பையோடு இறங்கினார். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் சிஜோவுக்கு என்னவோ போல் இருந்தது. அவர் சாரின் பக்கமே திரும்பாமல் சிஜோவிடம் பேசினார்.

“நாலு கட ஏறி எறங்குனேன். கடைசியில ஜெப்சன் கட. தடியக் கண்டதும் அவன் சிரிக்கான். நம்ம தோட்டத்துல நேத்து வெட்டி, இன்னைக்கி விடியக்காலம் ஏத்துன தடியாம். ‘கயிறு நிக்காது, ரெண்டு லோடாட்டு கொண்டு போறேன்’னு அவன் சொல்லியிருக்கான். ஒரே லோடுல அடிச்சா போதும்னு நிண்ணு ஏத்த வச்சது சாராம்.”

சார் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் முன்கதவைத் திறந்தார். தான் உட்காரும் சீட்டில் தடியைச் சாய்த்து வைத்து, சீட் பெல்ட்டையும் மாட்டினார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

பஸ் வந்து, டீச்சர் ஏறி, பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் சார் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, சிஜோவைக் கிட்டே வரச் சொல்லிக் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டாமத்த லோடுக்கு மூவாயிரம் கேட்டான் மக்கா.”