சமைக்க ஆள் இல்லை

“நல்லாப் பாருங்க சார், ஒத்த கேஸ் அடுப்பு! இதுல எறநூறு புள்ளைங்களுக்குச் சோறாக்கப் போறாளாம்!”

ராக்காயியின் குரல் லயத்து வரிசை வீடுகள் முழுவதும் கேட்டது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் பகல் சாப்பாடு சமைத்துக் கொடுத்தவள் அவள். இந்த வருட டெண்டரைத் தையல்காரி பிரேமினி குறைந்த விலை போட்டுத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முழங்கால் தேய்ந்து, கனத்த உடம்போடு ராக்காயியால் இனி கொழுந்து பறிக்கவும் முடியாது. படுக்கையில் கிடக்கும் புருஷன் மூக்கனுக்கு மருந்து வாங்க வேறு வழியே இல்லை. கல்வி அலுவலகத்தில் அழுது புரண்டு, அதிகாரியைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

“ஜெயிச்ச மறுநாளே இளிச்சுக்கிட்டு என் வாசலுக்கு வந்தா சார். மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்துனேன்!”

அதிகாரி பிரேமினியின் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். தையல் மெஷின், தேத்தண்ணி போட ஒரு கேத்தல், சுவரில் புத்தம் புதிதாக இரண்டு சமையல் ஏப்ரன்.

“அந்தப் பெரிய ஏப்ரனப் பாருங்க சார். இவள மாதிரி ரெண்டு பேரு உள்ள நுழையலாம். தனக்கே அளந்து தைக்கத் தெரியல!”

“எதுக்கும்மா விலை போட்டீங்க?” என்றார் அதிகாரி.

“டவுன் ஹோட்டல்காரரு வெல கொறைக்கிறாருன்னு கேள்விப்பட்டேன் சார். வேலை நம்ம லயத்த விட்டுப் போயிரக் கூடாதுல்ல” என்றாள் பிரேமினி. “அடுப்புக் கட்டிரலாம். சமைக்கவும் ஆள் நெனச்சு வச்சிருக்கேன். இன்னும் கேக்கத்தான் முடியல.”

“நெனச்சு வச்ச ஆளா வந்து சோறாக்கும்? இந்த டெண்டர் ரத்து.”

ராக்காயி கையெடுத்துக் கும்பிட்டாள். “அப்ப எனக்குத்தானே சார்?”

“இல்லம்மா. ஒங்க விலைதான் எல்லாத்துலயும் கூட. அடுத்தது அந்த ஹோட்டல்காரர், அவருக்குத்தான் போகும்.”

ஜீப் இறக்கத்தில் மறைந்தது. ராக்காயி பிரேமினி வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூக்கனிடம் போய் என்ன சொல்வது என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

பிரேமினி உள்ளே போய், பெரிய ஏப்ரனை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தாள்.

“ஒங்க அளவுக்குத்தான் அக்கா தச்சேன்.”