கழல வேண்டிய பூட்டு

"பட்டையில இந்தத் திருகுப் பூட்டைப் போட்டா, நீ மேடையில குதிச்சாலும் கிட்டார் கழலாதும்மா," என்றார் கடைக்காரர்.

மகள் ஆசையாகக் கை நீட்டினாள். அப்பா தடுத்தார்.

"இது வேண்டாங்க. சட்டுனு கழல்றது இருக்கா?"

"பேஸ் கிட்டார் கனம் சார். கீழ விழுந்தா சுக்குநூறாயிடும்."

"ஆகட்டும்."

பெண் வாசிப்பது பிடிக்காத அப்பாக்களைக் கடைக்காரர் நிறையப் பார்த்திருக்கிறார். மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒரு பொத்தான் பூட்டைப் பொருத்தி, கிட்டாரை அவள் தோளில் மாட்டினார்.

அப்பா மகளை முறைத்தபடியே இடது கையால் பொத்தானைத் தேடி அழுத்தினார். கழலவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"விடுங்கப்பா, நான் மேடையே ஏறல," என்று அவள் முணுமுணுத்தாள்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு கையையும் வச்சு அழுத்துங்க சார். ஒத்தைக் கையில என்ன வித்தை?"

"போன கச்சேரியில வாசிக்கிறப்பவே வலிப்பு வந்து விழுந்துட்டா. பட்டை கழுத்தை இறுக்கிடுச்சு, கழட்டவே முடியல," என்றார் அப்பா, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மறுபடி வந்தா, இன்னொரு கை இவ தலைக்கு அடியில இருக்கணுமே."