முதல் வளைவு யார்?

பாரசீகத்தில் ஓர் ஆற்றின் மேல் இருபத்து மூன்று வளைவுகள் கொண்ட பழைய செங்கல் பாலம் ஒன்று நின்றது. அங்கே வந்த பெண் புறாவுக்கு முட்டையிடும் நேரம். சுள்ளி பொறுக்கப் போன கணவனிடம், "அஞ்சாவது வளைவுக்கு வந்துடுங்க," என்று சொல்லியிருந்தது. எந்தக் கரையிலிருந்து எண்ணுவது என்று இருவருமே யோசிக்கவில்லை.

"என்கிட்டேருந்து எண்ணும்மா," என்றது வடகரை வளைவு. "பாலம் திறந்த அன்னிக்கு ராஜா முதல்ல மிதிச்சது என்னைத்தான்."

"திரும்பிப் போறப்ப முதல்ல யாரை மிதிச்சாராம்?" என்று கேட்டது தென்கரை வளைவு.

பெண் புறா பாலத்துக்கு மேலே ஒரு கரையின் ஐந்தாவது வளைவிலிருந்து மறுகரையின் ஐந்தாவதுக்குப் பறந்தது. அதே நேரம் கணவன் சுள்ளியோடு பாலத்துக்குக் கீழே எதிர்ப்பக்கமாகப் பறந்தது. இப்படியே நாலு சுற்று. இனி முடியாது என்று பெண் புறா நடு வளைவுக்குள் சரிந்தபோது, கணவனும் அங்கேதான் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

"நீங்க எத்தனையாவது?" என்று வளைவைக் கேட்டது பெண் புறா.

"எப்படி எண்ணினாலும் பன்னிரண்டு," என்றது நடு வளைவு. "முதல்ல சுள்ளியைப் போடுங்க."

சுள்ளியைப் பரப்பி முடிப்பதற்குள் முட்டை வந்துவிட்டது.

வடகரைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நடுவுல இருக்கிறவன் பவுசைப் பார்த்தீங்களா?" என்று தென்கரையிடம் சொன்னது.

"அது கிடக்கட்டும் தம்பி," என்றது தென்கரை. "நான்தான் அண்ணன்னு நீயே ஒத்துக்கிட்டே."