பன்னிரண்டு குறைகள்

ஏழாவது குறையைப் படிக்கும்போதே அவள் காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

டெவலப்பர்கள் குழுவில் யாரோ காலையில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஆப்பை ஒரே முறை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடவைக்கும் அந்த ஃபிரேம்வொர்க்கைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

கேட்க வேண்டுமா. மதியத்துக்குள் குழு இரண்டுபட்டுக் கிடந்தது.

பெனடிக்ட் பன்னிரண்டு குறைகளை எண் போட்டு அடுக்கியிருந்தார்.

தூத்துக்குடிக்காரர். அவள் நேரில் பார்த்ததில்லை. மூன்று வருடமாக அந்த ஃபிரேம்வொர்க்கை அவரைப்போல வறுத்தெடுத்தவர் யாருமில்லை. ஆப் குண்டாகிறது. ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் பழைய வேலை உடைகிறது. பிழை ஓரிடம், காட்டுவது வேறிடம்.

எல்லாம் உண்மைதான். அவளும் பட்டவள்.

ஆனால் அது இல்லையென்றால் ‘ஒரு மடக்கு’ இல்லை.

அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது. டீ, மோர், ரசம் எல்லாம் அதில் சேர்த்தி. குடிக்கக் குடிக்கக் குறித்துவைக்க அவள் செய்துகொடுத்த ஆப் அது.

அவளிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப். அண்ணனிடம் இருப்பது நண்பன் கொடுத்த பழைய ஐபோன். எழுதியது இரண்டுக்கும் பொருந்தும், சரி. ஐபோனில் ஏற்றும்படி அதை பில்ட் செய்ய ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் வேண்டுமே.

அன்றைக்கு இதே குழுவில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஒரே ஒரு பதில் வந்தது. அவள் எழுதிய கோடிங்கை அனுப்பச் சொன்னார் பெனடிக்ட். கூடவே ஃபிரேம்வொர்க்குக்கு நாலு திட்டு.

அவர் பில்ட் செய்து அனுப்பியது சோதனைப் பதிப்பு. தொண்ணூறு நாள் ஆனால் திறக்காது. கெடு முடிவதற்கு முதல் நாள் அவரே புதிதாக பில்ட் போட்டு அனுப்பிவிடுவார். ஒருமுறைகூட அவள் ஞாபகப்படுத்தியதில்லை.

இந்த முறை கெடு வியாழக்கிழமை.

பன்னிரண்டாவது குறைக்குக் கீழே எழுதியிருந்தார்: “போதும் சாமி. இன்னையோட இதைத் தலைமுழுகிட்டேன். எல்லா மெஷின்ல இருந்தும் தூக்கியாச்சு.”

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

பிறகு பதில் எழுத ஆரம்பித்தாள். அந்த ஃபிரேம்வொர்க் என்னவெல்லாம் கொடுத்தது என்று. எழுத எழுத நீண்டது. அது ஃபிரேம்வொர்க்குக்கு எழுதுவதுபோலவே இல்லை.

உள்ளறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

“பாப்பா, இன்னும் நூத்தம்பது மில்லி பாக்கி காட்டுது. அரை டம்ளர் டீ போடேன்.”

எழுந்தபோது திரை நகர்ந்தது. பெனடிக்ட் இன்னொரு செய்தி அனுப்பியிருந்தார்.

“பழைய மேக்ல மட்டும் விட்டு வச்சிருக்கேன். புதன்கிழமை ஒரு பில்ட் போட வேண்டியிருக்கு.”

இவ்வளவு திட்டிவிட்டு என்ன பில்ட் என்று யாரோ கேட்டிருந்தார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுதியதையெல்லாம் அழித்தாள்.

பன்னிரண்டு குறைகளுக்கும் கீழே ஒரு கும்பிடு போட்டாள். குழுவில் இனி அவளையும் திட்டுகிற கட்சியில் சேர்த்துவிடுவார்கள். சேர்க்கட்டும்.

டீ போடப் போனாள்.