பெட்டியின் நிழல்

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் ஏசிக் குளிரில் ஸாலிஹா புது ஸ்விட்சின் முன் நிற்கிறாள். சற்றுமுன் அவளே உருவிய மஞ்சள் ஃபைபர் கேபிள் விரல்களுக்கிடையில் தொங்குகிறது. கிரேன் கேமராவின் படத்தை வெளிச்சமாகச் சுமந்து வரும் பாதை அறுந்தால், இந்த ஸ்விட்ச் தனக்குள் இருக்கும் கடுகளவுக் கண்ணாடியைத் திருப்பி, அந்த வெளிச்சத்தை மறு பாதையில் ஏற்றிவிட வேண்டும். அதற்குத்தான் இந்தச் சோதனை. கிரேன் வெறுங்கையாக நிற்கும்போது மட்டுமே செய்யவேண்டியது. கப்பல் கிளம்பும் அவசரத்தில் பேச்சிராஜா அடுத்த கன்டெய்னரைத் தூக்கிவிட்டதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏம்மா, உருவிட்டியளா? பெட்டி அந்தரத்துல தொங்குதுல்லா!" இந்த அறையிலிருந்தே கிரேனை ஓட்டும் அவர், நெருப்பைத் தொட்டதுபோல் பிடியிலிருந்து கையை எடுக்கிறார். "படம் தெரியுதுல்லா அண்ணாச்சி?" என்கிறாள். "தெரியுது. ஓடுத படமா, நின்னுபோன படமா, அதாம் தெரியல."

திரை முழுக்க மத்தியான வெயில். சிவப்புப் பெட்டி ஆடாமல் தொங்குகிறது. கடல்காற்று விழுந்துவிட்ட நேரம், கம்பிவடத்தில்கூட அசைவில்லை. பெட்டியின் விளிம்பில் ஒரு காகம் தலையைச் சாய்த்தபடி இருக்கிறது. கீழே, தரையில் விழும் பெட்டி நிழலின் ஓரத்தில், வெயிலுக்கு ஒதுங்கிய லாரி டிரைவர் ஒருவர் குந்தியிருக்கிறார். ஸாலிஹா இமைக்காமல் காகத்தையே பார்க்கிறாள். "அசையேன், மூதி" என்று பேச்சிராஜா பல்லைக் கடிக்கிறார். காகம் அசையவில்லை. கீழே இருப்பவர்தான் தோளிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி, பெட்டிக்கு நேர் அடியில் போய் உட்காருகிறார்.